உள்ளே வைத்தது

படுக்கை விரிப்பு மறுபடியும் கோணலாகத்தான் போனது. ஓட்டல்களிலிருந்து வருகிற விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற சலவைக்கூடம் அது. ஈர விரிப்பின் ஒரு மூலையை ஒருத்தியும் மறு மூலையை இன்னொருத்தியும் பிடித்து, ஒரே உதறாக உதறி, கையை மேலே தூக்கிச் சூட்டு உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி கை கொஞ்சம் தாழ்ந்தாலும் போச்சு. அந்தப் பக்கம் முழுக்கச் சுருக்கம் விழுந்து, திரும்பவும் நனைத்து, திரும்பவும் பிழிந்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஏண்டி, அந்தக் கை என்ன வாடகைக்கு எடுத்ததா? தூக்கு மேல!" என்றாள் எதிர்ப்பக்கம் நின்ற ரேடியோ. அவளுக்குக் கூடத்தில் அதுதான் பேர். போட்டால் நிறுத்தப் பொத்தான் கிடையாது.

"தூக்க வரலடி."

"வராதா? வீட்ல ஒரு குடம் தண்ணி தூக்கியிருக்கியா நீ? எல்லாம் உங்க வீட்டுக்காரர் தூக்கறார். எங்க வீட்லயும் இருக்குதே ஒண்ணு, குடிச்ச டம்ளரை நகர்த்தாது. குடுத்து வெச்சவ நீ!"

சின்னவள் சுருங்கின விரிப்பை மறுபடியும் நனைக்க எடுத்துப் போனாள். வீட்டுக்கு இரண்டாவது பெண்ணாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பேர் நாற்பத்து மூன்று வயதிலும் போகவில்லை, சலவைக்கூடத்திலும் அதேதான். குடுத்து வைத்தவள் என்ற பேச்சை அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுவருகிறாள். கேட்கக் கேட்க அலுப்புதான் மிச்சம்.

விஷயம் என்னவென்றால் அவளுடைய இடது மார்பு கல்லாக இறுகிவிட்டது. கையைத் தூக்கினால் உள்ளே யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள். அது அவளுடைய சொந்த மார்பும் இல்லை. வயசுக்கு வந்த பிறகு வலது பக்கம் ஒழுங்காக வளர்ந்தது. இடது பக்கம் எனக்கென்ன என்று இருந்துவிட்டது. அம்மா துணியை மடித்து மடித்து உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அம்மா போன பிறகு, அப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருந்த அக்கா அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சிலிகான் பை ஒன்றை உள்ளே வைத்து, இரண்டையும் சமமாக்கி அனுப்பினார். "இது ஆயுசுக்கும் வராதும்மா. பத்து வருஷமோ, இருபது வருஷமோ. அப்பப்ப வந்து காட்டணும்" என்றும் சொன்னார். யார் போனார்கள்? அதைப் பற்றிப் பேசினால்தானே போவதற்கு! மார்பு என்கிற சொல்லை அந்த வீட்டில் கறிக்கடையில்கூடச் சொல்ல மாட்டார்கள். பையின் பேர் "உள்ள வெச்சது". அவ்வளவுதான்.

வரன் வந்தபோது சின்னவள் பிடிவாதமாக நின்றாள். மறைத்துக் கல்யாணம் பண்ண மாட்டேன், சொல்லிவிட வேண்டும் என்றாள். அக்காதான் போய் மாப்பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். "எல்லாம் சொல்லிட்டேன். அவர் கண்ணே கலங்கிடுச்சுடி. பரவாயில்லங்க, நான் பாத்துக்கறேன்னுட்டார். இனிமே நீ இதைப் பத்தி வாயைத் திறக்காதே, அவரும் திறக்க மாட்டார்." இப்படியும் ஒரு மனுஷனா என்று அன்றைக்குச் சின்னவள் அழுதாள்.

மனுஷன் நல்ல மனுஷன்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. ஊரிலுள்ள அடுக்குமாடி லிஃப்ட்களையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், குடியிருக்க மட்டும் தரைத்தளத்து வீடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். துணி பிழிவார், தண்ணீர் தூக்குவார், கடைக்குப் போனால் காய்கறிப் பையைப் பிடுங்கிக்கொள்வார். அவள் கொஞ்சம் வேகமாக நடந்தாலே "மெதுவா, மெதுவா" என்பார். சலவைக்கூடத்து வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு.

ஆனால் அவர் கை ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. வலது பக்கம் வரும்; நடுவில் வந்ததும் வேலி கட்டினாற்போல நின்றுவிடும். தூக்கத்தில் தப்பிப் பட்டால்கூட நெருப்பைத் தொட்டவர் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். மகள் பிறந்து மூன்று வருஷம் கழித்து "இன்னொண்ணு பெத்துக்கலாமாங்க?" என்று இவள் கேட்டாள். "ஒண்ணு போதும்" என்றார். அடுத்த வருஷமும் கேட்டாள். "ஒண்ணு போதும்னு சொன்னேன் இல்ல?" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் கொடுத்துவிடுவாள்.

இவள் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அருவருப்பு. வாயால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார், உடம்பு ஒப்பவில்லை. அதை ஈடுகட்டத்தான் தண்ணீர் தூக்குகிறார், துணி பிழிகிறார். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனாக இருந்தால் திருப்பிச் சண்டையாவது போடலாம். விடிந்ததும் வாசல் பெருக்கிக் கொடுக்கிறவனோடு என்னவென்று சண்டை போடுவது? விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

இப்போது கல்லாகிவிட்ட பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எடுத்துவிட வேண்டும். புதிது வேண்டாம். யார் தொடுவதற்கு? ஆனால் ஒரே ஒரு பயம் இருந்தது. இருக்கும்போதே இப்படி என்றால், அந்தப் பக்கம் வெறும் தழும்பாகிவிட்டால் மனுஷன் பக்கத்தில் படுப்பாரா? ஒரே கூரைக்குக் கீழே தண்ணீர் தூக்கிக் கொடுக்கிற அந்நியனாக ஆகிவிடுவாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் டாக்டரிடம் போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"என்னங்க, உள்ள வெச்சது இறுகிப் போச்சு. கல்லு மாதிரி ஆயிடுச்சு. வலிக்குது."

அவர் கையிலிருந்த கிண்ணம் நழுவித் தொட்டியில் விழுந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. "எத்தனை நாளா?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் ஈரக்கையோடு போய் மேலதிகாரிக்கு விடுப்பு கேட்டுப் பேசத் தொடங்கிவிட்டார். பார்த்தாயா, சொன்னதற்கே இந்த முகம் என்று நினைத்துக்கொண்டு அவள் மிச்சப் பாத்திரத்தைத் துலக்கினாள்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி என்று பலகை மாட்டியிருந்த அறைக்கு வெளியே அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் பலகையை அண்ணாந்து பார்த்து, புரிந்தது போலத் தலையாட்டிக்கொண்டார். டாக்டர் அம்மா சின்னவளைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார்.

"வெச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு இல்லையா? சுத்தி ஒரு உறை மாதிரி கட்டி இறுக்கிடுச்சு. உள்ள இருக்கறது கிழிஞ்சும் இருக்கு. ஆனா உறையைத் தாண்டி வெளிய வரல. பயப்பட ஒண்ணுமில்ல."

"கிழிஞ்சிருக்கா?" லிஃப்ட்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ரத்தம் எப்படி டாக்டர் ஓடுது?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "ரத்தம் அது பாட்டுக்கு ஓடும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பதினஞ்சு வருஷந்தான் தாங்கும்னு எங்கயோ படிச்சேன் டாக்டர். அதுலேர்ந்து தூக்கமே இல்ல. எதுக்குன்னு சொல்லாம, வருஷா வருஷம் வா, உடம்பை ஒரு தடவை காட்டிட்டு வரலாம்னு கூப்பிடறேன், ஒண்ணும் வேண்டாம்னு மூஞ்சியைத் திருப்பிக்கறா."

"இத்தனை வருஷந்தான்னு கணக்கு கிடையாதுங்க. சிலருக்குப் பத்து வருஷத்துலயே மாத்த வேண்டி வரும். சிலருக்கு இருபது வருஷம் தாண்டியும் பேசாம கிடக்கும். தேதி வந்துடுச்சுன்னு மாத்த வேண்டியதில்ல. இறுகினா, கிழிஞ்சா, வடிவம் மாறினா, வலிச்சா அப்ப மாத்தணும். அதுக்காக வெச்சது வெச்சதுதான், காலத்துக்கும் கவலையில்லன்னு இருந்துடவும் கூடாது. நடுநடுவுல பாத்துக்கணும்." டாக்டர் சின்னவள் பக்கம் திரும்பினார். "இப்ப எடுத்துத்தான் ஆகணும். எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம். வேண்டாம்னா எடுத்துட்டு அப்படியே விட்டுடலாம். உங்க இஷ்டம்."

"அப்படியே விட்டுடறதா!" அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "என்ன டாக்டர் இப்படி அசால்ட்டா சொல்றீங்க? வால்வு இல்லாம எப்படி உயிரோட இருப்பா?"

டாக்டர் அவரைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று சின்னவளின் பேரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"என்ன வால்வு?"

"இதயத்துல வெச்ச வால்வு. பிளாஸ்டிக்குன்னு வெளிய பலகையே இருக்கே."

டாக்டர் சிரிக்காமல் இருந்தது அவருடைய படிப்பின் பெருமை. இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரிப் பையை எடுத்து லிஃப்ட்காரர் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி போலத் தெளிந்து, கொழகொழவென்று கிடந்தது அது. "இதுதான் உள்ள இருக்கு. ஒரு பக்கம் வளராததால சமமா தெரியறதுக்கு வெச்சது. இதயத்துக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அவங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு."

அவர் அதை அமுக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதா?" என்றார். மறுபடியும் "இதுவா?" என்றார். பிறகு அதை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சின்னவள் வந்தபோது அவர் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னா வால்வுன்னு?"

"உங்க அக்காதான். மார்ல ஆபரேஷன் ஆயிருக்கு, இடது பக்கம், உள்ள ஒண்ணு வெச்சிருக்காங்க, ரொம்ப நாள் வராது, பாத்துப் பாத்து வெச்சுக்கணும்னாங்க. அவகிட்ட அதைப் பத்திப் பேசிடாதீங்க, ஒடஞ்சு போயிடுவான்னாங்க. மார்ல ஆபரேஷன்னா வேற என்ன நினைப்பான் ஒருத்தன்?"

"தழும்பைப் பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். பாக்கும்போதெல்லாம் இங்கதான் அறுத்திருக்காங்கன்னு குலை நடுங்கும். கை பட்டு உள்ள ஏதாவது நகர்ந்துடுமோன்னு..." அவர் கையை விரித்துக் காட்டினார். திருகாணிகளோடும் இரும்புக் கம்பிகளோடும் மல்லுக்கட்டிக் காய்த்துப் போன கை. "இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படித் தொடறது?"

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அவளுக்கு விளங்கத் தொடங்கியது: தரைத்தளத்து வீடு, தண்ணீர்க் குடம், மெதுவா மெதுவா. விளங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டியது.

"அப்ப ரெண்டாவது குழந்தை?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. ஒண்ணு போதும்னீங்களே. ரெண்டு தடவை கேட்டேனே."

"முதல் பிரசவத்துல ரத்தம் நிறையப் போய் ரெண்டு நாள் கண்ணு முழிக்காம கிடந்தியே. வாசல்ல நின்னுக்கிட்டு சாமிகிட்ட சொன்னேன், இவளை மட்டும் குடுத்துடு, இனிமே கேக்க மாட்டேன்னு. இன்னொண்ணு பெத்தா நீ செத்துப் போயிடுவேன்னு பயந்தேன்."

"நான் உங்களுக்கு அருவருப்பா இருக்கேன்னு நினைச்சேங்க. இந்தப் பக்கத்தைத் தொடப் பிடிக்காமத்தான் என்கூட இன்னொரு புள்ள வேண்டாங்கறீங்கன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அதைத்தான் நினைச்சுக்கிட்டு உங்க பக்கத்துல படுத்தேன்."

"ஐயோ" என்றார் அவர். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போல என்று எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அதை யார்மேல் கொட்டுவது? அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா எகிறினாள். "நான் மார்லன்னுதானடி சொன்னேன்! பொய்யா சொன்னேன்? அவர் இதயம்னு எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அப்ப கல்யாணமாகாத பொண்ணு நான், ஒரு ஆம்பளைகிட்டப் போய் வேற எப்படி விலாவாரியா சொல்லச் சொல்றே? ஏன், நீதான் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்தது. "ஏண்டி... நிஜமாவே ரெண்டாவது வேணும்னு இருந்தியா?"

சின்னவள் போனை வைத்துவிட்டாள். அக்காவைத் திட்டக்கூட அவளிடம் தெம்பில்லை. அக்காவையும் குற்றம் சொல்ல முடியாது. இவரைச் சொல்ல முடியுமா? பயந்ததுதான் அவர் செய்த தப்பு. அவளும் நாக்கை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே. மூன்று பேரும் நல்லது நினைத்தே ஒரு குழந்தையை இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கையை மெல்ல நீட்டினார். அந்தக் கை வேலியைத் தாண்டி வருவதை அவள் பார்த்தாள். இதற்காக எத்தனை ராத்திரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தாள்! ஆனால் கை பக்கத்தில் வந்ததுமே தோள்பட்டை வரை விண்ணென்று தெறித்தது.

"இப்ப வேண்டாங்க. வலிக்குது."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"புதுசு வெச்சுக்கோயேன்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "உனக்குப் பிடிச்சா. எனக்காக இல்ல."

அவள் யோசித்துப் பார்த்தாள். காலையில்கூட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. யார் தொடுவதற்கு என்கிற காரணம். மத்தியானத்தோடு அந்தக் காரணம் செத்துவிட்டது. இருந்தும் வேண்டும் என்று மனசு சொல்லவில்லை. இன்னொன்றை வைத்து, அது இறுகுகிறதா கிழிகிறதா என்று இன்னும் இருபது வருஷம் காவல் காக்க வேண்டும். இறுகினால் அறுபது வயதில் மறுபடியும் ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுக்க வேண்டும். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே பேசாமல் இருப்பது அவளுக்கு அலுத்துவிட்டது. அடுத்தவர் பயத்தையும் தன் பயத்தையும் சேர்த்துச் சுமந்தது போதும்.

"வேண்டாம். எடுத்துடட்டும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அப்படியே இருந்துட்டுப் போறேன். பாக்கறவங்க பாக்கட்டும்."

"நான் பாப்பேன்" என்றார் அவர்.

"நீங்க முதல்ல அழறதை நிறுத்துங்க."

ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியை மாட்டி, கையில் ஊசி குத்தி, அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ரேடியோவை இன்னொருத்தியோடு ஜோடி சேர்த்து உருளையில் நிறுத்தியிருப்பார்கள், பாவம் அந்த இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள். லிஃப்ட்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நர்ஸ் பெண் ஒருத்தி, ராத்திரி வேலையின் களைப்போடு, வழக்கமான கேள்விகளைத் தலைநிமிராமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"ஆஸ்துமா?"

"இல்ல."

"இதயத்துல ஏதாவது பிரச்சினை?"

அவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"எனக்கு இல்லம்மா" என்றாள் சின்னவள்.

"குழந்தைங்க எத்தனை?"

"ஒரு பொண்ணு."

"ஒண்ணுதானா? ஏன், அதோட நிறுத்திட்டீங்களா?" என்றாள் நர்ஸ். தலை நிமிரவில்லை. சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். அடுத்த நிமிஷம் அவளே மறந்துவிடுவாள்.

கால்மாட்டில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வயசான ஆண்பிள்ளை அழுகிறார். பார்த்துக்கொண்டே கிடந்தாள் சின்னவள். கோபம் இருக்கிறதா என்று உள்ளே துழாவிப் பார்த்தாள், இருந்தது. அதன் பக்கத்திலேயே இந்த மனுஷன்மேல் வைத்த பிரியமும் இருந்தது. இரண்டையும் பிரிக்கிற தெம்பு அன்றைக்கு அவளுக்கு இல்லை.

"இதயம் பலவீனம்மா" என்றாள். "அதான் நிறுத்திட்டோம்."

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். "இப்பதானே இல்லைன்னு சொன்னீங்க? யாருக்கு?"

"அவருக்கு."

நர்ஸ் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், ஓடிப்போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.